ஃபேபியா எஸ்டேட் போதவில்லை: அடுத்து எந்த வண்டி?

கேள்வி கேட்டவர் இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கிறார். வைத்திருப்பது 2016 ஸ்கோடா ஃபேபியா எஸ்டேட், அதாவது டிக்கி பெரிதாக இருக்கப் பின்பக்கத்தை நீட்டிய கார்: 1.2 டிஎஸ்ஐ பெட்ரோல், 90 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல், 61,000 மைல் ஓடியது. வீட்டில் மனைவி, ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். வருஷத்தில் பாதி மாமியார் மதுரையிலிருந்து வந்து தங்குகிறார். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு மான்செஸ்டர் விமான நிலையம் போனால் எம்62 மோட்டார்வேயின் மேட்டில் வண்டி மூச்சு வாங்குகிறது. ஆண்டு ஓட்டம் 7,000 மைல்தான், அதில் பெரும்பகுதி பள்ளிக்கூடமும் கடைத்தெருவும். ஃபேபியாவுக்கு 5,000 பவுண்டு தருவதாக ஒரு டீலர் சொல்லியிருக்கிறார், கையில் 9,000 இருக்கிறது. "இடமும் வேண்டும், பவரும் வேண்டும். எல்லோரும் எஸ்யூவி எடு என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்பது கேள்வி.

பதில் கொஞ்சம் நீளும். சின்ன எஸ்டேட்டைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுக்கும் வேலையை நான் இரண்டு முறை செய்திருக்கிறேன். முதல் தடவை தப்பாகச் செய்தேன், அந்தக் கதையும் கீழே வரும்.

முதலில் இந்த எஸ்யூவி பேச்சை முடித்துவிடுவோம். உங்கள் ஃபேபியா எஸ்டேட்டின் நீளம் 4.26 மீட்டர்தான். ஆனால் பின்சீட்டை மடிக்காமலே டிக்கி 530 லிட்டர் கொள்ளும். உங்கள் நண்பர்கள் கை காட்டும் நிசான் கஷ்காய், அதாவது 2014 முதல் 2021 வரை விற்ற இரண்டாம் தலைமுறை, 430 லிட்டர். ஸ்கோடாவின் சொந்த எஸ்யூவியான கரோக் சாதாரணப் பின்சீட்டுடன் 521 லிட்டர். உயரமாக நிற்பதால் உள்ளே இடம் நிறைய இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். சாமான் ஏற்றினால்தான் வித்தியாசம் புரியும். இடம் போதவில்லை என்று சொல்லி இந்த இரண்டில் ஒன்றை எடுத்தால், அதிகப் பணம் கொடுத்துச் சின்ன டிக்கி வாங்கியதாகிவிடும்.

உங்கள் வண்டி மாதிரி சின்ன எஸ்டேட்டுகளே இப்போது கிடையாது. சியாட் இபிசாவிலும் ரெனோ கிளியோவிலும் எஸ்டேட்டை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. 2021-ல் வந்த புது ஃபேபியாவுக்கு எஸ்டேட் வடிவமே செய்யவில்லை. எனவே அதே அளவில் புதுசு என்ற வழி அடைபட்டுவிட்டது. மேலே போவதென்றால் அடுத்த படி நடுத்தர எஸ்டேட்.

லிட்டர் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் டிக்கியை அளப்பது ஜெர்மன் முறைப்படி: 20 செ.மீ நீளம், 10 அகலம், 5 உயரம் உள்ள கட்டைகளை அடுக்குவார்கள். ஒரு கட்டை ஒரு லிட்டர். சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூடிப் பலகை வரைக்கும் எத்தனை கட்டை போகிறதோ அதுதான் அளவு. டிக்கித் தரைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தையும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். சூட்கேஸைக் கட்டை மாதிரி பிரித்து அடுக்க முடியாது. எனவே பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: இரண்டு சக்கர மேட்டுக்கும் நடுவில் உள்ள அகலம், சீட் முதுகிலிருந்து கதவு வரை ஆழம், சாமானைத் தூக்கி வைக்க வேண்டிய விளிம்பின் உயரம். போன முறை நான் வண்டி பார்க்கப் போனபோது இரண்டு காலி சூட்கேஸையும், ஊரிலிருந்து கிரைண்டர் வந்த அட்டைப் பெட்டியையும் எடுத்துப் போனேன். அவற்றை ஒவ்வொன்றாக இறக்கியதைப் பார்த்த சேல்ஸ் பையன், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பான். ஆனால் இணையத்தில் இரண்டு வாரம் படித்ததைவிட அந்த ஐந்து நிமிஷத்தில் தெரிந்துகொண்டது அதிகம்.

ஆனால் உங்கள் கேள்வியைத் திரும்பப் படித்தால், உங்களுக்கு இடம் போதாதது டிக்கியில் இல்லை என்று தோன்றுகிறது. பின்சீட்டில்தான். இரண்டு பக்கமும் குழந்தை சீட், நடுவில் மாமியார். ஃபேபியாவின் வெளி அகலமே 1.73 மீட்டர். கதவு, தூண் எல்லாம் போக உள்ளே மிஞ்சுவதில் அந்த அம்மா ஒரு மணி நேரம் தோளைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார் என்றால் அவரைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டும்.

அந்த நடு இடம் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றால், அகலம் மட்டும் காரணம் இல்லை. பெரியவனை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர், சீட் பெல்ட் கொக்கியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நடுவில் இருப்பவர் தன் கொக்கியைத் தேடி, பூஸ்டருக்கு அடியில் விரலை விட்டு, நகம் உடைந்து, கடைசியில் ஆண்டவன் விட்ட வழி என்று பெல்ட் போடாமல் உட்காருவார். அது சட்டப்படியும் தப்பு, ஆபத்தும்கூட. குழந்தை சீட் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 12 வயது அல்லது 135 செ.மீ உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. அப்படியென்றால் பெரியவனுக்கே இன்னும் சில வருஷம் பூஸ்டர் உண்டு. எந்த வண்டி பார்த்தாலும் இரண்டு சீட்டையும் அதில் மாட்டி, மாமியாரை நடுவில் உட்காரவைத்து, அவரே தன் கையால் கொக்கியைப் போட முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேறு அகலம் குறைந்த பூஸ்டர் வாங்கினாலே பாதிப் பிரச்சினை தீரும், அதற்குச் செலவு சில பத்துப் பவுண்டுகள்தான்.

இப்போது பவர். மெக்கானிக்குகள் ஊரில் சொல்வார்களே, பிக்கப் வேறு, புல்லிங் வேறு என்று. சிக்னலில் பச்சை விழுந்ததும் பாய்வது பிக்கப். ஆள் ஏற்றிக்கொண்டு மேட்டில் வேகம் விழாமல் போவது புல்லிங். உங்களுக்குக் குறைவது இரண்டாவது.

லீட்ஸிலிருந்து மேற்கே போகும்போது, சாலையின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு பண்ணை வீடு தனியாக நிற்குமே, ஸ்டாட் ஹால் ஃபார்ம், அந்த இடத்தில்தானே உங்கள் வண்டி திணற ஆரம்பிக்கிறது? அங்கிருந்து இன்னும் ஏறி 22-வது சந்திப்புக்குப் பக்கத்தில் சாலை 372 மீட்டர் உயரத்தைத் தொடுகிறது. இங்கிலாந்தின் மோட்டார்வேக்களிலேயே அதுதான் உச்சி. போதாக்குறைக்கு அங்கே எப்போதும் எதிர்க்காற்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபேபியா எஸ்டேட் சுமார் 1,150 கிலோ. பெரியவர்கள் மூன்று பேர், பிள்ளைகள் இருவர், சூட்கேஸ்கள், மாமியார் கட்டிவரும் ஊறுகாய் வகையறா எல்லாம் சேர்ந்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஒன்றரை டன், இழுப்பது 90 குதிரை. டன்னுக்கு 60. ஆக்டேவியா எஸ்டேட் 1.5 டிஎஸ்ஐ ஏறக்குறைய 1,300 கிலோ. அதே சுமையோடு 1,650 கிலோ, இழுப்பது 150 குதிரை. டன்னுக்கு 90. இழுவிசையைப் பார்த்தால் உங்கள் எஞ்சின் 160 நியூட்டன் மீட்டர், அது 250. அதுவும் 1,500 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடும். மேட்டில் உங்களுக்கு வேண்டியது இதுதான். 190, 245 என்று விளம்பரத்தில் போடும் குதிரைகளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். 7,000 மைலில் அவை லாயத்தில்தான் நிற்கும், இன்ஷூரன்ஸ்காரருக்கு மட்டும் தினமும் புல் போட வேண்டியிருக்கும்.

ஒன்று கேட்கட்டுமா? அந்த மேட்டில் ஐந்தாவது கியரிலேயே மிதித்துக்கொண்டிருக்கிறீர்களா? வண்டி விற்கும் வரை நான்காவதற்கு இறக்கி, தேவைப்பட்டால் மூன்றாவதற்கும் இறக்கி ஓட்டிப் பாருங்கள். சத்தம் போடும், ஆனால் ஏறும். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கமோ டிரைவர் கதவுத் தூணிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் முழுச்சுமைக்கென்று தனியாக டயர் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள். ஆறு மாதம் ஐந்து பேர் ஏறும் வண்டிக்கு அந்த அளவுதான் சரி.

டீசலா, பெட்ரோலா என்ற இடத்தில்தான் நான் முதல் தடவை வழுக்கி விழுந்தேன். சின்ன எஸ்டேட்டைக் கொடுத்துவிட்டு இரண்டு லிட்டர் டீசல் எஸ்டேட் எடுத்தேன். இழுவை என்றால் இழுவை, மலையைக் கட்டி இழுக்கும். ஆனால் என் அலுவலகம் வீட்டிலிருந்து மூன்று மைல். டீசல் வண்டியின் புகைப்போக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. டிபிஎஃப் என்பார்கள். அந்தக் கரியை எரித்துத் தள்ள வண்டி நன்றாகச் சூடேறி, நிறுத்தாமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். மூன்று மைலில் எஞ்சினே முழுதாகச் சூடாகாது. நான்காவது மாதம் மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பால் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு எம்1-ல் இருபது மைல் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். வண்டிக்கு வயிறு சரியாக வேண்டுமே என்று! வீட்டில் கேட்டார்கள், பாலை எங்கிருந்து கறந்து வருகிறீர்கள் என்று. கடைசியில் கராஜில் வைத்துச் சுத்தம் செய்த செலவில், மைலுக்கு மைல் மிச்சம் பிடித்த டீசல் காசெல்லாம் போயிற்று. வண்டி மேல் குற்றமில்லை. வாரத்துக்கு 300 மைல் மோட்டார்வேயில் போகிறவருக்கு அது அருமையான வண்டி, எனக்குத்தான் பொருந்தவில்லை. உங்கள் ஓட்டமும் பள்ளிக்கூட ஓட்டம். டீசல் வேண்டாம்.

சரி, எந்த வண்டி? உங்கள் 14,000 பவுண்டுக்கு நான் தேடுவது 2019, 2020 வாக்கில் பதிவான மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா எஸ்டேட், 1.5 டிஎஸ்ஐ, 150 குதிரைத்திறன். டிக்கி 610 லிட்டர். ஃபேபியாவைவிட 80 லிட்டர்தான் கூட, அதைப் பார்த்து ஏமாற்றம் வேண்டாம். முக்கியமான வித்தியாசம் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில்: 20 செ.மீக்கு மேல் நீளம் கூடுகிறது. அதில் பெரும்பகுதி பின்சீட்டுக் காலுக்குப் போகிறது. உடல் அகலமும் 8 செ.மீ கூட. மூன்று வயதுப் பிள்ளை காலை நீட்டினாலும் முன்சீட்டை உதைக்க எட்டாது என்பது உபரி லாபம். ஒரே குறை, பின்தரையின் நடுவில் ஒரு மேடு ஓடும். நடுவில் உட்காருபவர் இரண்டு பக்கமும் காலைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த எஞ்சினில் ஒன்றைக் கவனியுங்கள். ஆரம்ப காலத்து 1.5 டிஎஸ்ஐ மேனுவல் வண்டிகள் சில, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கிளம்பினால் துள்ளித் துள்ளிப் போகும். இங்கே அதைக் கங்காரு என்றே சொல்வார்கள். பிறகு மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள். எனவே வண்டி பார்க்கப் போகும் முன், எஞ்சினை முன்கூட்டி ஓடவிட வேண்டாம் என்று போனில் சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் திரும்புங்கள். ஜில்லென்று இருக்கும்போது முதல் கியரில் மெதுவாக நகர்த்தினால் உண்மை தெரிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் இந்த எஞ்சினோடு வருவது ஏழு கியர் டிஎஸ்ஜி, எண்ணெயில் முழுகாத உலர் கிளட்ச் வகை. ஓட்ட இனிமையானதுதான். ஆனால் ஊர்ந்து போகும் நெரிசலிலும், மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அதிர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதிர்ந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். விலை குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். மாமியார் வந்திருக்கும் மாதங்களில் யார் ஓட்டுவார்கள், மனைவிக்கு எது பழக்கம் என்பதையும் கேட்டு முடிவெடுங்கள். இதை மறந்துவிட்டு நான் வாங்கிய வசவு தனிக் கதை.

இதற்கு மாற்று என்றால் டொயோட்டா கொரோலா டூரிங் ஸ்போர்ட்ஸ் ஹைப்ரிட். டார்பிஷயரில் பர்னஸ்டன் ஆலையில் செய்யும் வண்டி. பள்ளிக்கூட ஓட்டத்துக்கு இதைப்போல் பெட்ரோல் மிச்சம் பிடிப்பது வேறில்லை. டொயோட்டா பணிமனையில் ஆண்டுதோறும் சர்வீஸ் செய்தால் பத்து வருஷம் அல்லது 1,00,000 மைல் வரை உத்தரவாதம் நீளும். 1.8 எஞ்சினில் 122 குதிரை, டிக்கி 596 லிட்டர். 2.0 எஞ்சினில் 184 குதிரை, 581 லிட்டர். ஆனால் நீங்கள் குறை சொல்லும் அந்த மேட்டில் 1.8 நன்றாகக் கத்தும். கியர் கிடையாது, மிதித்தால் எஞ்சின் ஒரே சுருதியில் ஏறி நிற்கும். 2.0 என்றால் அந்தக் கவலை குறைவு, விலை கூடுதல். பின்சீட்டுக் கால் இடத்தில் ஆக்டேவியாவை இது எட்டாது. தனியாக நான் ஓட்டும் வண்டி என்றால் இதைத்தான் எடுப்பேன். ஐந்து பேர் ஏறும் உங்கள் வீட்டுக்கு ஆக்டேவியா.

சூப்பர்ப் எஸ்டேட் பற்றியும் கேட்பீர்கள். 660 லிட்டர் டிக்கி, பின்சீட்டில் கால் மேல் கால் போட்டு உட்காரலாம். மனசு அங்கேதான் போகும், எனக்கும் போனது. ஆனால் அதன் நீளம் 4.86 மீட்டர். இங்கே கார் நிறுத்துமிடக் கட்டம் வழக்கமாக 4.8 மீட்டர் நீளம், 2.4 அகலம். அதாவது கோடு போட்ட கட்டத்துக்குள் வண்டியே முழுசாக அடங்காது, அப்புறம் டிக்கியைத் திறந்து சாமான் ஏற்றுவது எங்கே? உங்கள் வீட்டு முன்வாசல் நீளத்தை நாடா வைத்து அளந்துவிட்டு அதைப் பற்றி யோசியுங்கள். லீட்ஸில் வரிசை வீடுகள் உள்ள தெருவில் இருக்கிறீர்கள் என்றால் தினமும் இரவு எட்டு மணிக்கு என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

எஸ்யூவிக்காரர்கள் சொல்வதில் ஒரே ஒரு நியாயம் உண்டு. அது முழங்கால். எஸ்டேட் தாழ்ந்த வண்டி, உள்ளே இறங்கி உட்கார்ந்து, வெளியே வர எழுந்து ஏற வேண்டும். மாமியாருக்கு மூட்டு வலி இருந்தால் மேலே நான் சொன்னதை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஃபோக்ஸ்வாகன் டூரான் பாருங்கள், 2015-க்குப் பிறகு வந்தது. பார்க்க ரொட்டிப் பெட்டி மாதிரிதான் இருக்கும். ஆனால் நடுவரிசையில் மூன்றும் தனித்தனி சீட்டு, மூன்றிலும் குழந்தை சீட்டை நேரே மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. உட்காரும் உயரமும் வயதானவர்களுக்குத் தோதானது. அதே 150 குதிரை பெட்ரோல் எஞ்சினும் அதில் கிடைக்கும். பின்னால் இன்னும் இரண்டு சீட் விரியும், ஆனால் அவற்றை விரித்தால் டிக்கி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. உங்கள் குடும்பப் படத்தை வைத்துப் பார்த்தால் ஆக்டேவியாவுக்கு உண்மையான போட்டி இதுதான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்து, மாமியாரை இரண்டிலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகமே சொல்லிவிடும்.

அடுத்து, பழைய வண்டியைக் கொடுக்கும் விஷயம். பார்ட் எக்ஸ்சேஞ்ச் என்பது பழைய நகை மாற்றுவதுபோலத்தான். "உங்கள் பழைய தங்கத்துக்கு நாங்கள்தான் அதிக விலை" என்று போர்டு போடுகிற கடையில் புது நகைக்குச் சேதாரம் எவ்வளவு என்று பார்த்தால் விட்டதெல்லாம் அங்கே பிடித்திருப்பார்கள். என் இரண்டாவது மாற்றத்தின்போது ஒரு டீலர் என் வண்டிக்கு மற்றவரைவிட 900 பவுண்டு கூடச் சொன்னார். சந்தோஷமாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தால், அதே வருஷம், அதே மைல் ஓடிய வண்டிக்கு அவர் ஸ்டிக்கரில் போட்டிருந்த விலை மற்றவரைவிட 1,200 கூட. மேலே நான் எவ்வளவு போட வேண்டும் என்ற ஒரே எண்ணைத்தான் எழுதி வாங்க வேண்டும். உங்கள் வண்டிக்கு 5,000 என்றார், 5,500 என்றார் என்பதெல்லாம் காதுக்கு இனிமை. "ஃபேபியாவைச் சாவியோடு கொடுத்துவிட்டு அந்த ஆக்டேவியாவை எடுத்துப்போக நான் எவ்வளவு தர வேண்டும்?" என்று மூன்று இடத்தில் கேளுங்கள்.

கேட்கும் முன், வண்டி எண்ணைப் போட்டால் விலை சொல்லும் இணையக் கொள்முதல் நிறுவனங்களில் இரண்டிலாவது விலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் போனால் கீறலுக்கு இவ்வளவு, வீல் உரசலுக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள் என்பது நிச்சயம். இருந்தாலும் பேரத்துக்கு அது ஒரு அடிமட்டம். தனியாருக்கு நேரடியாக விற்றால் சில நூறு பவுண்டு கூட வரலாம். சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்கள், வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்பவர்கள் எல்லோரையும் சமாளிக்கப் பொறுமை இருந்தால் செய்யுங்கள். எனக்கு இல்லை.

சின்னக் கீறலுக்குப் பெயின்ட் அடித்துக் காசைக் கரைக்க வேண்டாம், டீலர் அதைத் தன் ஆளை வைத்துக் குறைந்த செலவில் செய்துகொள்வார். ஆனால் இரண்டாவது சாவி, சர்வீஸ் ரசீதுகள், வி5சி பதிவுச் சான்று, கையில் சில மாதமாவது மீதி இருக்கும் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனைச் சான்று, இவை விலையைத் தாங்கிப் பிடிக்கும். குழந்தை சீட்டைக் கழற்றினால் அடியில் ஒரு தனி உலகமே இருக்கும். அதைக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

வாங்கும் வண்டியின் பக்கம் வந்தால், அரசின் எம்ஓடி வரலாறு இணையத்தில் இலவசம். வண்டி எண்ணைப் போட்டால் ஒவ்வொரு வருஷமும் எத்தனை மைல், என்ன எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று வரிசையாக வரும். ஒரே பக்க டயரின் உள்விளிம்பு தேய்கிறது என்று இரண்டு வருஷம் தொடர்ந்து எழுதியிருந்தால், யாரோ அந்தச் சக்கரத்தைப் பள்ளத்திலோ நடைபாதையிலோ பலமாக இடித்திருக்கலாம். பழைய கடன் பாக்கி இருக்கிறதா, இன்ஷூரன்ஸில் எஸ் அல்லது என் என்று சேதக் குறியீடு விழுந்ததா என்பதைக் கட்டணம் கட்டித்தான் பார்க்க வேண்டும். சில பவுண்டுகளுக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் சர்வீஸ் அட்டவணையில் பார்த்துக் கேளுங்கள், அந்தச் செலவு பக்கத்தில் வருகிறதென்றால் விலையில் குறைக்கச் சொல்லலாம்.

டீலரிடம் வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வண்டியில் பழுது இருந்து தெரியவந்தால் 30 நாளுக்குள் திருப்பிக்கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். தனியாரிடம் வாங்கினால் அந்த வசதி இல்லை. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். வண்டி விலை 30,000 பவுண்டுக்குள் இருக்கும்வரை, ஒரு பகுதியைக் கார்டில் கட்டினாலே தகராறு வந்தால் கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு. 1974 கடன் சட்டத்தின் 75-வது பிரிவு அது.

வரியில் ஒரு அடி விழும், தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஃபேபியா 2017 ஏப்ரலுக்கு முன் பதிவானது, அதற்குக் கார்பன் அளவை வைத்து வரி. கிலோமீட்டருக்கு 110 கிராமுக்குள் இருந்தால், 2025 கணக்கில் ஆண்டுக்கு வெறும் 20 பவுண்டு. அதற்குப் பின் பதிவான வண்டிகளுக்கு அந்தச் சலுகை போய்விட்டது, அவற்றின் ஆண்டு வரி 2025 ஏப்ரலில் 195 பவுண்டு ஆனது. புதுசாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய வண்டி என்றால் இரண்டாவது ஆண்டு முதல் ஆறாவது ஆண்டு வரை இன்னொரு தொகையும் மேலே ஏறும். சூப்பர்பின் உயர்ந்த ரகங்களைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். வரி வண்டியோடு கைமாறாது. உங்கள் ஃபேபியாவில் மீதி இருக்கும் முழு மாதங்களுக்குப் பணம் திரும்பி வரும், புது வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே வரும் முன் நீங்களே வரி கட்டியாக வேண்டும். இன்ஷூரன்ஸும் அதே மாதிரி. பிடித்த வண்டியின் எண்ணைப் போட்டு விலை கேட்டுவிட்டு அப்புறம் முன்பணம் கட்டுங்கள். குதிரை கூடினால் பிரிமியம் எவ்வளவு கூடும் என்பது உங்கள் தெரு, வயது, எத்தனை வருஷம் க்ளெய்ம் இல்லாமல் ஓட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது.

டெஸ்ட் டிரைவுக்கு ஊருக்குள் ஒரு சுற்று போதாது. மோட்டார்வேயில் போக வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, ஐந்து பேரும் ஏறுங்கள்.

வண்டியை ஒப்படைக்கும் காலையில், ஃபேபியாவின் திரையிலிருந்து உங்கள் போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். டிக்கித் தரையைத் தூக்கி அடியில் கையை விட்டுப் பாருங்கள். என் பழைய வண்டியோடு ஒரு ஜாக்கெட், குடை, தேங்காய் துருவியின் கைப்பிடி மூன்றும் போயின. துருவி இன்னும் வீட்டில் இருக்கிறது, கைப்பிடி இல்லாமல்.